சுண்டுவிரலுக்கு எட்டாத ரிஷபம்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு தோழிக்குக் கேசட் பதிவு செய்து கொடுத்தேன். அறுபது நிமிடக் கேசட், இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினான்கு பாட்டு. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று ஒரு வாரம் யோசித்திருப்பேன். ஆனால் முதல் பாட்டு எது என்பதில் மட்டும் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. தி போலீஸ் குழுவின் ‘எவ்ரி பிரெத் யூ டேக்’.

அன்றைக்கு இருந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான் அந்தப் பாட்டைப் புரிந்துகொண்டது இப்படி: ஒருவன் தன் காதலியின் ஒவ்வொரு மூச்சையும் ஒவ்வொரு அசைவையும் ரசிக்கிறான். எவ்வளவு பெரிய காதல்! நான் சொல்லத் தயங்கியதையெல்லாம் இங்கிலாந்துக்காரர் ஒருவர் நாலு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

மூன்று நாள் கழித்துக் கேசட் திரும்பி வந்தது.

“ஏன்டா, இந்த ஆளு அவளைக் காதலிக்கிறானா, இல்ல கேஸ் போட ஆதாரம் சேர்க்கிறானா?”

“அந்தக் குழுவோட பேரே போலீஸ்தான்” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னாளில் எனக்கும் வரவில்லை. அன்று ராத்திரி பாட்டின் வரிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதிப் பார்த்தேன். அவள் சொன்னது அட்சர சுத்தமாகச் சரி. பிரிந்து போன ஒருத்தியைப் பார்த்து, நீ என்ன செய்தாலும், யாரோடு சிரித்தாலும், எந்த வாக்கை மீறினாலும் என் கண் உன் மேல்தான் இருக்கும் என்று ஒருவன் சொல்லிக்கொண்டே போகிறான். நீ எனக்குச் சொந்தம் என்பது உனக்கு ஏன் புரியவில்லை என்று கேட்கிறான். இதைப் போய் பரிசாகக் கொடுத்திருக்கிறேன்.

இதில் நான் தனி ஆள் இல்லை என்று அப்புறம் தெரிந்தது. உலகம் முழுக்கக் கல்யாணங்களில் இந்தப் பாட்டைப் போட்டு மணமக்கள் ஆடியிருக்கிறார்கள். பாட்டை எழுதிய ஸ்டிங்கிடமே வந்து, எங்கள் கல்யாணத்தில் உங்கள் பாட்டுத்தான் என்று ஒரு தம்பதி சொல்லியிருக்கிறார்கள். நல்லா இருங்கள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டதாக அவர் ஒரு பேட்டியில் சொன்னார். பொறாமை, வேவு, உடைமை ஆகியவற்றைப் பற்றிய கொஞ்சம் விஷமுள்ள பாட்டு இது என்று பாட்டு வந்த 1983-லேயே அவர் சொல்லிவிட்டார். எழுதியவரே ஒலிபெருக்கி வைத்துச் சொன்ன பிறகும் யாரும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த எனக்காவது ஒரு சாக்கு இருந்தது. அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் ஏன் அப்படியே ஏமாந்தார்கள்? பாட்டில் எளிய சொற்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. இந்தக் கேள்வி ரொம்ப வருடம் என்னோடு கிடந்தது. நாற்பது வயதுக்கு மேல் கிட்டார் கற்க உட்கார்ந்து, இந்தப் பாட்டின் முதல் நாலு ஸ்வரத்துக்கு விரலை நீட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு பதில் கிடைத்தது.

அதற்கு முன் பாட்டு பிறந்த கதை.

1982. ஸ்டிங்கின் முதல் திருமணம், நடிகை பிரான்சஸ் டொமெல்டியுடனானது, முறிந்துகொண்டிருந்தது. டிரூடி ஸ்டைலருடன் புதிய உறவு. பத்திரிகைகள் துரத்தின. அவர் ஜமைக்காவுக்குப் போய் ஒரகபெஸாவில் கோல்டன்ஐ என்ற வீட்டில் தங்கினார். ஜேம்ஸ் பாண்ட் நாவல்களை இயன் பிளெமிங் எழுதிய வீடு அது. உளவாளியைப் படைத்தவரின் வீட்டில் வேவு பார்ப்பவனைப் பற்றிய பாட்டு பிறந்திருக்கிறது. கதையில் இப்படி எழுதினால் ரொம்பச் செயற்கை என்று நானே அடித்துவிடுவேன். நடுராத்திரியில் ஒரு வரியோடு விழித்ததாகவும், பியானோவில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் எழுதி முடித்ததாகவும் ஸ்டிங் சொல்கிறார். எழுதும்போது அவருக்கும் இது ஆறுதலான காதல் பாட்டு மாதிரிதான் பட்டதாம். அதன் குரூரம் பிறகுதான் தெரிந்ததாம்.

அதே பேச்சில் அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். மெட்டு பொதுவானது, நூற்றுக்கணக்கான மெட்டுகளின் கூட்டுத்தொகை, சொற்கள்தான் சுவாரசியம் என்றார். உண்மைதான். ஏ, எஃப் ஷார்ப் மைனர், டி, இ என்று போகும் இந்தக் கார்ட் வரிசை (கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) 1950-களின் அமெரிக்கப் பாடல்களில் தேய்ந்து போன தடம். கிட்டார் வகுப்பில் இரண்டாம் மாதம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதை வைத்து ஆயிரம் பாட்டு பாடலாம். பாடியும் இருக்கிறார்கள்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருதலைக் காமம் மிரட்டலாக மாறும் இடத்தை நம் இலக்கணக்காரர்கள் வெகு காலத்துக்கு முன்பே அளந்து வைத்திருக்கிறார்கள். கிடைக்காத பெண்ணுக்காகப் பனை மடலில் குதிரை செய்து ஏறி ஊர் நடுவே வருவேன் என்று தலைவன் சொல்லலாம், அதுவரை அகத்திணை தாங்கும். உண்மையிலேயே ஏறிவிட்டால் பெருந்திணை, அதாவது பொருந்தாக் காமம். தொல்காப்பியம் அந்தப் பட்டியலிலேயே ‘தேறுதல் ஒழிந்த காமத்து மிகுதிறம்’ என்று ஒன்றைச் சேர்க்கிறது. தேற்ற முடியாத அளவுக்கு முற்றிய காமம். ஸ்டிங்கின் ஆள் மடல் குதிரையில் ஏறி உட்கார்ந்து வெகு நேரமாகிறது. ஆனால் மடலேறியவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். இவனைப் பார்த்து ஊர் கைகோத்து ஆடுகிறது. வித்தியாசம் குதிரையில்தான் இருக்கிறது.

அந்தக் குதிரையைச் செய்தது வேறொருவர்.

மூன்று பேர் கொண்ட குழு அது. ஸ்டிங் பாடுவார், பேஸ் வாசிப்பார், பெரும்பாலான பாட்டுகளை எழுதுவார். அதற்கு முன் இங்கிலாந்தின் வடகிழக்கில் பள்ளி ஆசிரியர். ஸ்டூவர்ட் கோப்லாண்ட் அமெரிக்கர், டிரம்ஸ், குழுவைத் தொடங்கியவர். கிட்டார் ஆண்டி சம்மர்ஸ், 1942-இல் பிறந்தவர், மற்ற இருவரையும் விட ஏறக்குறையப் பத்து வயது மூத்தவர். மற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே மேடையேறியவர்.

1982 டிசம்பரில் இந்த மூவரும் கரீபியக் கடலில் மான்செராட் தீவுக்குப் போனார்கள். பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1979-இல் அங்கே ஏர் ஸ்டுடியோஸ் என்று ஓர் ஒலிப்பதிவுக் கூடம் கட்டியிருந்தார். பச்சை மலை, கடல், நீச்சல் குளம். அங்கே உட்கார்ந்து இவர்கள் சண்டை போட்டார்கள். வாய்ச் சண்டையோடு நிற்கவில்லை, கைகலப்பும் நடந்தது என்று தயாரிப்பாளர் ஹியூ பேட்ஜம் பின்னாளில் சொன்னார். மூன்று பேரும் ஒரே அறையில் வாசிக்கவில்லை. டிரம்ஸ் சாப்பாட்டு அறையில், கிட்டார் ஸ்டுடியோவில், ஸ்டிங் கட்டுப்பாட்டு அறையில். ஒலி தனித்தனியாக விழ வேண்டும் என்பது தொழில்நுட்பக் காரணம். எனக்கென்னவோ அது மட்டுமே காரணமாகத் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் வேலை நகராமல், மேலாளர் மைல்ஸ் கோப்லாண்ட் விமானம் ஏறி வந்து, தொடர்வதா கலைவதா என்று நீச்சல் குளத்தோரம் கூட்டம் போட வேண்டியிருந்தது. அந்த மேலாளர் டிரம்மருக்கு அண்ணன். கூட்டுக் குடும்பத்தில் பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி சட்டென்று விளங்கும்.

சண்டை பெரிதும் இந்தப் பாட்டின் தாளத்தைப் பற்றியதுதான். கோப்லாண்ட் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தாளத்தட்டில் வித்தை காட்டுகிறவர். ஜமைக்கா இசையான ரெகேயிலிருந்து எடுத்த எதிர்த்தட்டுகளால் முந்தைய பாடல்களுக்கெல்லாம் உயிர் கொடுத்தவர். இந்தப் பாட்டில் அதில் ஒன்றும் வேண்டாம், நேராகத் தட்டு என்றார் ஸ்டிங். கேட்டுப் பாருங்கள்: உலகின் சிறந்த டிரம்மர்களில் ஒருவர் சுவர்க் கடிகாரம் போல உட்கார்ந்திருக்கிறார். வேவு பார்ப்பவனுக்கு அது பொருத்தம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் கண் இமைக்கக் கூடாது அல்லவா.

ஸ்டிங் கொண்டு வந்த மாதிரிப் பதிவில் ஆர்கன் சத்தம் புரண்டு புரண்டு வந்தது. கிட்டார் கிடையாது. கடைசியில் ஸ்டிங் சம்மர்ஸைப் பார்த்து, உள்ளே போய் இதை உன்னுடையதாக்கு என்றார். சம்மர்ஸ் போனார். ஒரே டேக். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் எழுந்து ஆர்ப்பரித்தார்கள் என்று அவர் நினைவுகூர்கிறார்.

அந்த ஒரு டேக்கில் அவர் செய்தது என்ன? இங்கேதான் என் சுண்டுவிரல் வருகிறது.

ஏ கார்டை வழக்கமாகப் பிடித்தால் ஸ, க, ப. நிலத்தில் கால் ஊன்றி நின்ற மாதிரி இருக்கும். சம்மர்ஸ் அப்படிப் பிடிக்கவில்லை. ஆறாம் தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள்தான் ஃப்ரெட்): ஸ. ஐந்தாம் தந்தியில் ஏழாம் ஃப்ரெட்: ப. நாலாம் தந்தியில் ஒன்பதாம் ஃப்ரெட்: மேல் ரி. திரும்பி மூன்றாம் தந்தியில் ஆறாம் ஃப்ரெட்: மேல் க. ஸ-வுக்குப் பஞ்சமம் ப, அந்த ப-வுக்குப் பஞ்சமம் ரி. பஞ்சமத்தின் மேல் பஞ்சமம் அடுக்கி, அதன் தலைக்கு மேல் காந்தாரத்தை வைத்திருக்கிறார். ரி என்னும் சதுஸ்ருதி ரிஷபமும் க என்னும் அந்தர காந்தாரமும் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டும் உரசிக்கொள்கின்றன. ரி கேட்டவுடன் காது அது ஸ-வில் இறங்கும் என்று காத்திருக்கிறது. இறங்குவதில்லை. க-வுக்குப் போய்த் தொட்டுவிட்டு மறுபடி ரி. அடுத்த சுற்றிலும் அப்படியே. ஏக்கம் என்பதைச் ஸ்வரத்தில் எழுதச் சொன்னால் எனக்கு இதைவிட நல்ல எழுத்துக்கூட்டல் தெரியாது.

இதே அச்சை அப்படியே இரண்டாம் ஃப்ரெட்டுக்கு நகர்த்தினால் எஃப் ஷார்ப் மைனர். அதே ஸ ப ரி, ஆனால் காந்தாரம் மட்டும் அரை வீடு இறங்கிச் சாதாரண காந்தாரம் ஆகிறது. ஒரே ஒரு ஸ்வரம் தலை குனிகிறது, முழுப் பாட்டின் முகமும் வாடுகிறது. வலக்கையின் உள்ளங்கையால் தந்திகளை, அவற்றைத் தாங்கும் பாலத்துக்குப் (பிரிட்ஜ்) பக்கத்தில் லேசாக அழுத்தி வாசிப்பதால் ஒவ்வொரு ஸ்வரமும் சொட்டுச் சொட்டாக விழுகிறது. நிமிடத்துக்கு சுமார் 117 அடி என்ற நடையில், நிற்காமல்.

இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். அந்தக் காலத்தில் சம்மர்ஸ், கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்புடன் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து 1982-இல் ஓர் ஆல்பமும் வெளியிட்டார்கள். ஹங்கேரியின் இசையமைப்பாளர் பேலா பார்டோக் இரண்டு வயலின்களுக்கு எழுதிய 44 சிறு இசைத்துண்டுகளைச் சம்மர்ஸ் கிட்டாரில் பயின்றுகொண்டிருந்தார். அந்த அடுக்கு ஸ்வரங்கள் விரலில் ஒட்டிக்கொண்டு இந்தப் பாட்டுக்குள் வந்துவிட்டன. ஐம்பதுகளின் தேய்ந்த தடத்தில் ஹங்கேரிய வண்டி ஓடுகிறது. கேட்கிறவனுக்கு அது எதுவும் தெரிய வேண்டியதில்லை. நெஞ்சுக்குள் ஏதோ இறங்காமல் தொங்குகிறது, அவ்வளவுதான்.

ஆக என் பதில் இது. சொல் மிரட்டுகிறது, கிட்டார் ஏங்குகிறது. காது ஒரே நேரத்தில் இரண்டையும் கேட்கும்போது கிட்டார் பக்கம்தான் சாய்கிறது. ஏனென்றால் அதுதான் முதலில் பேசுகிறது. ஸ்டிங் வாய் திறப்பதற்கு முன்பே சம்மர்ஸ் நம்மிடம், இது காதல்தான், பயப்படாதே என்று சொல்லிவிடுகிறார். அதன் பிறகு உள்ளே வருகிறவன் என்ன சொன்னாலும் நமக்கு அது காதலாகவே கேட்கிறது. வீட்டுப் பெரியவர் கூட்டிக்கொண்டு வந்த ஆளை யாரும் வாசலில் நிறுத்தி விசாரிப்பதில்லை.

ஸ்டிங்கின் ஆர்கன் பதிவோடு வெளிவந்திருந்தால் கல்யாணத்தில் யாரும் இதைப் போட்டிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. ஆனால் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம், நான் செய்தேன். ரிஷபத்தை எடுத்துவிட்டு வெறும் ஸ, ப, க என்று தந்திகளை மீட்டிக்கொண்டே வரிகளைப் பாடிப் பாருங்கள். இரண்டாம் சரணத்துக்குள் உங்களுக்கே கூச்சமாகிவிடும். என் மனைவி அடுத்த அறையிலிருந்து, யாரைத் திட்டுகிறீர்கள் என்று கேட்டாள்.

நடுவில் ஓர் இடம் மட்டும் விதிவிலக்கு. கண்காணிக்கிறவன் திடீரென்று உடைந்து போகிறான். நீ போன பிறகு நான் தொலைந்துவிட்டேன், குளிர்கிறது, கட்டிக்கொள்ள ஏங்குகிறேன் என்று கெஞ்சுகிறான். அங்கே கார்ட் சட்டென்று எஃப்-க்குத் தாவுகிறது, பாட்டின் சொந்த ஸ்வரங்களுக்குள் அந்த எஃப் இல்லை. குரல் மேலே ஏறுகிறது. சொல்லும் இசையும் ஒரே விஷயத்தைச் சொல்லும் இடம் பாட்டிலேயே அது ஒன்றுதான். அதற்குப் பிறகு வரும் வாத்தியப் பகுதியில் பியானோவில் ஒரே ஒரு ஸ்வரம் திரும்பத் திரும்ப விழுகிறது. கதவைத் தட்டுகிற மாதிரி. திறக்கும் வரை தட்டுகிற ஆள்.

1983 மே மாதம் பாட்டு வெளியானது. பிரிட்டனில் நாலு வாரம் முதலிடம். அமெரிக்காவில் ஜூலை 9 முதல் எட்டு வாரம் முதலிடம், அந்த வருடம் முழுவதற்குமான பில்போர்டு பட்டியலிலும் முதல் பாட்டு. மைக்கேல் ஜாக்சன் உலகையே ஆண்டுகொண்டிருந்த வருடம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காட்லி அண்ட் கிரீம் என்ற இருவர் எடுத்த கறுப்பு வெள்ளைக் காணொளியில் ஒரு சாம்பல் கிண்ணம் டிரம்மாகக் கரைகிறது, ஸ்டிங் ஆளுயர பேஸ் ஒன்றை அணைத்தபடி நேராக நம் கண்ணைப் பார்த்துப் பாடுகிறார், பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னலை ஒருவர் துடைத்துக்கொண்டே இருக்கிறார். அந்த ஜன்னல் துடைப்பவரைப் பற்றி நான் வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். வெளியிலிருந்து உள்ளே பார்க்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

1984-இல் கிராமி விருது இரண்டு. ஒன்று ‘ஆண்டின் சிறந்த பாட்டு’, ஜாக்சனின் இரண்டு பாடல்களைத் தாண்டி வந்தது. அது பாட்டை எழுதியவருக்கான விருது, ஆகவே ஸ்டிங்குக்கு. மற்றொன்று சிறந்த பாப் குழுவின் பாட்டுக்கு, அது மூவருக்கும். அன்றைக்கு யாருக்கும் உறுத்தியிருக்காது. ஆனால் பின்னால் வந்த சண்டை முழுவதும் இந்த இரண்டு கோப்பைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நடந்தது, இன்னமும் நடக்கிறது.

சட்டத்தின் கண்ணில் ஒரு பாட்டு இரண்டு சொத்து. சொல்லும் மெட்டும் சேர்ந்தது ஒன்று. அதை ஒருமுறை பாடி வாசித்துப் பதிவு செய்தது மற்றொன்று. ஆர்கன் மாதிரிப் பதிவிலேயே சொல்லும் மெட்டும் முழுசாக இருந்ததால் எழுத்துரிமை ஸ்டிங் ஒருவருக்கே. சம்மர்ஸின் ஸ ப ரி க எதில் சேர்த்தி? கேட்கிற யாரைக் கேட்டாலும் அதுதான் பாட்டு என்பார்கள். முணுமுணுக்கச் சொன்னால் பாதிப் பேர் அதைத்தான் முணுமுணுப்பார்கள். வழக்கம் அதை இசைக்கோர்வை என்ற கணக்கில் எழுதி ஓரத்தில் வைத்துவிடுகிறது. வீட்டுக்கு மனை போட்டவருக்குப் பட்டா, கூரை போட்டவருக்குக் கூலி.

1997-இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த வருடம் மார்ச் 9 அன்று ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தயாரிப்பாளரும் நண்பருமான பஃப் டாடி, பி.ஐ.ஜி.யின் மனைவி ஃபெய்த் எவன்ஸுடன் சேர்ந்து ஒரு இரங்கல் பாட்டு வெளியிட்டார். ‘ஐல் பி மிஸ்ஸிங் யூ’. சம்மர்ஸின் அந்த கிட்டார் ஓட்டம் அப்படியே அதில் முதுகெலும்பாக இருந்தது. அமெரிக்காவில் பதினொரு வாரம் முதலிடம், மூலப் பாட்டை விட மூன்று வாரம் அதிகம். முன்கூட்டி அனுமதி வாங்காததால் எழுத்துரிமை வருமானம் ஸ்டிங்குக்குப் போனது. அந்த ஆண்டு எம்டிவி விருது மேடையில் ஸ்டிங்கும் சேர்ந்து பாடினார். என் கிட்டாரை எடுத்துக்கொண்டு பணத்தை வேறொருவர் வாங்குகிறார் என்று சம்மர்ஸ் பேட்டிகளில் வெளிப்படையாகக் கொதித்தார்.

எனக்கு இதில் பணத்தைவிட வேறொன்று சுவாரசியமாகப் பட்டது. பஃப் டாடி ஸ்டிங்கின் வரிகளைப் பெரிதும் மாற்றிவிட்டார். வேவு இல்லை, மிரட்டல் இல்லை, செத்துப்போன நண்பனுக்கான அழுகை. சொல்லைக் கழற்றிய பிறகும் கிட்டார் தன் வேலையைச் செய்தது. மிரட்டலைக் காதலாக்கிய அதே நாலு ஸ்வரம், இப்போது ஒப்பாரிக்கும் பொருந்தி உட்கார்ந்தது. இறங்காத ரி-க்கு யார் போனார்கள், காதலியா நண்பனா என்பது ஒரு பொருட்டாக இல்லை.

2019-இல் பி.எம்.ஐ. என்ற அமெரிக்க உரிமை அமைப்பு தன் பட்டியலிலேயே வானொலியில் அதிகம் ஒலித்த பாட்டு இதுதான் என்று அறிவித்தது. ஏறக்குறைய 1.5 கோடி முறை. அந்தக் கௌரவமும் எழுதியவருக்குத்தான். 2025-இல் சம்மர்ஸும் கோப்லாண்டும் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஸ்டிங் மேல் வழக்குப் போட்டார்கள். குழுவின் தொடக்கக் காலத்திலிருந்தே எழுத்துரிமை வருமானத்தில் ஒரு பங்கு மற்ற இருவருக்கும் உண்டு என்று ஓர் ஏற்பாடு இருந்தது. இன்றைய இணைய ஒலிபரப்பு வருமானம் அந்த ஏற்பாட்டுக்குள் வருமா, எவ்வளவு என்பது வழக்கின் சாரம். சம்மர்ஸுக்கு எண்பது தாண்டிவிட்டது.

நியாயம் யார் பக்கம் என்று என்னைக் கேட்டால் நான் கொஞ்சம் தடுமாறுவேன். ஸ்டிங் அந்த வரிகளோடு நடுராத்திரியில் விழிக்காமல் இருந்திருந்தால் சம்மர்ஸ் மீட்டுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. உள்ளே போய் உன்னுடையதாக்கு என்று சொல்லத் தெரிந்ததும் பெரிய விஷயம், எத்தனையோ பாடலாசிரியர்கள் ஆர்கனைக் கட்டிக்கொண்டு அழிந்திருக்கிறார்கள். ஆனால் ‘உன்னுடையதாக்கு’ என்ற அந்தச் சொல் இருக்கிறதே, அதைச் சொன்னவர் மறந்துவிடலாம், கேட்டவர் மறக்க மாட்டார். ஒருத்தியை எனக்குச் சொந்தம் என்று நாலு நிமிடம் உரிமை கொண்டாடுகிற பாட்டு, தானே யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றத்தில் நிற்கிறது.

இடையில் நடந்த மற்றதெல்லாம் சுருக்கமாக: இந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்துக்குப் பின் குழு இன்னொன்று செய்யவில்லை. ஸ்டிங் தன் முதல் தனி ஆல்பத்திலிருந்து 1985-இல் வெளியிட்ட முதல் பாட்டு, நேசித்தால் விட்டுவிடு என்ற பொருள்பட, இதற்கு மாற்று மருந்து போல எழுதியது. 2007-இல் மூவரும் மறுபடி கூடி ஒரு வருடத்துக்கு மேல் உலகம் சுற்றினார்கள். மான்செராட் ஸ்டுடியோவை 1989-இல் ஹ்யூகோ சூறாவளி குலைத்துப் போட்டது. 1995-இல் அந்தத் தீவின் எரிமலை விழித்துக்கொண்டது. கட்டடம் இன்று பாழ். சாப்பாட்டு அறையில் செடி முளைத்திருக்கும் படங்களை இணையத்தில் பார்க்கலாம், நான் அடிக்கடி பார்க்கிறேன்.

கேசட்டைத் திருப்பிக் கொடுத்த தோழியிடம் போன வருடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். பஞ்சமத்தின் மேல் பஞ்சமம், பார்டோக், ரிஷபம் எல்லாம். பொறுமையாகக் கேட்டாள்.

“அதெல்லாம் சரி. அந்த கிட்டார் எனக்கும் அப்பவே பிடிச்சிருந்துச்சு.”

“அப்புறம் ஏன் கேசட்டைத் திருப்பிக் குடுத்தே?”

“கிட்டார் வாசிக்கிறவன் குடுத்திருந்தா வச்சிருப்பேன். நீ பாடுறவன் பக்கம் நின்னுல்ல குடுத்தே.”

வாசித்துக் காட்டு என்றாள். கைபேசியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆள்காட்டி விரல் ஐந்தில், மோதிர விரல் ஏழில், நடுவிரல் ஆறில். சுண்டுவிரல் ஒன்பதுக்கு முழுசாக எட்டாது, எட்டினாலும் அழுத்தம் போதாமல் ரி மட்டும் டப்பென்று செத்து விழும். அன்றும் அப்படித்தான் விழுந்தது. இரண்டாம் சுற்றிலும் விழுந்தது. மூன்றாம் சுற்றில் கட்டைவிரலைக் கழுத்துக்குப் பின்னால் இன்னும் கீழே இறக்கி, மணிக்கட்டை வெளியே தள்ளினேன். ஸ, ப, ரி வந்துவிட்டது. அந்தப் பதற்றத்தில் க-வைத் தொட மறந்துவிட்டேன்.